உங்களுக்குத் தெரியுமா? சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் முன்…

பலகைக்கு அடியில் ஒரு சரம்

சிங்கப்பூரில் பட்டாசு வெடிக்க 1972இலிருந்து தடை. தீபாவளி நேரத்தில் தேக்கா பக்கம் போனால் கம்பி மத்தாப்பு கிடைக்கும், சரவெடி கிடைக்காது. ஆனால் மின்ஸ்கூட்டரில் ஏறி நிற்கிறோமே, அந்தப் பலகைக்கு அடியில் ஒரு சரம் கோத்துத்தான் வைத்திருக்கிறார்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று எழுதிய பேட்டரி ஒன்றைப் பிரித்தால், 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைகள் சுமார் 40 இருக்கும். ஒன்று கெட்டுச் சூடேறினால் பக்கத்து உருளையைச் சுடும், அது அடுத்ததை. முதல் ஜுவாலை அடங்கியதும் "அணைஞ்சிடுச்சு" என்று கிட்டே போவோம், அப்போது பத்தாவது உருளை வெடிக்கும். எல்லாம் ஓய்ந்து சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றிக்கொள்வதும் உண்டு.

அளவுக்கு ஒரு கணக்கு: கைப்பேசிக்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 15 வாட்-மணி. மேலே சொன்ன பேட்டரியில் 360. வாசலில் ஒரு மின்ஸ்கூட்டரை நிறுத்துவது, 24 கைப்பேசிகளைக் கட்டி ஒரே மூலையில் வைப்பதற்குச் சமம்.

போர்வை ஏன் பலிக்காது?

எண்ணெய்ச் சட்டி பற்றினால் மூடி போட்டு அணைக்கலாம், காற்று போகாமல் தீ அடங்கிவிடும். பேட்டரித் தீயில் அந்தக் கணக்கு சரிவராது. உள்ளே நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. ஏறக்குறைய 130 டிகிரியில் அது உருகத் தொடங்கும். இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டால் சூடு சூட்டையே வளர்க்கும். பல வகைப் பேட்டரிகளில் நேர்முனைப் பொருளே சிதைந்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது. எரிவதற்கான திரவம், சூடு, ஆக்சிஜன் மூன்றும் உள்ளேயே இருப்பதால் மேலே போர்வை போட்டால் போர்வையும் சேர்ந்து எரியும்.

ஐஸ் கட்டியைக் கொட்டுவதும் வேண்டாம். அது பேட்டரியைச் சுற்றி மூடிக்கொண்டு உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாது.

தண்ணீர் ஊற்றலாமா?

"லித்தியம் தண்ணீர் பட்டால் வெடிக்கும்" என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகத்தில் பலரும் பக்கெட்டைத் தூரமாக வைத்துவிடுகிறார்கள். படித்தது சரி, அது லித்தியம் உலோகத்துக்கு. நம் கைப்பேசியிலும் பவர் பேங்க்கிலும் மின்சைக்கிளிலும் இருப்பது லித்தியம்-அயான். அதில் உலோகக் கட்டியாக லித்தியம் கிடையாது. கைப்பேசி அளவுள்ள ஒன்று பற்றினால் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். விமானப் பணியாளர்களுக்குத் தரும் பயிற்சியும் இதுதான்: முதலில் அணைப்பானால் ஜுவாலையை அடக்கு, பிறகு தண்ணீரோ மதுவில்லாத வேறு பானமோ ஊற்றிக் குளிர வை.

ஒரே நிபந்தனை, ஆனால் பெரிய நிபந்தனை. சுவரில் பிளக் செருகியிருக்கும்போது தண்ணீரைக் கொட்டினால் தீக்கு முன் மின்சாரம் உங்களைப் பிடிக்கும். சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் முதலில் அதை அணையுங்கள், அல்லது மீட்டர் பெட்டியில் மெயினை இறக்குங்கள். எட்டாவிட்டால் தண்ணீரை மறந்துவிடுங்கள்.

வீட்டில் வைத்திருக்கும் உலர்தூள் அணைப்பான் ஜுவாலையை அடக்கும், சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் பரவாமல் தடுக்கும். ஆனால் பேட்டரியைக் குளிரவைக்காது. அது தருவது, ஆட்களை வெளியே கூட்டிப்போகக் கொஞ்சம் அவகாசம். அந்த அவகாசத்தில் வண்டியைக் காப்பாற்ற முயலக்கூடாது என்பது என் கட்சி. மின்ஸ்கூட்டர் அளவில் பற்றினால் அணைக்கவே நிற்க வேண்டாம். ஆட்கள் வெளியே, கதவு சாத்து, 995க்கு அழை.

(எல்லா லித்தியமும் ஒன்றல்ல என்பதற்கு ஒரு கொடூரமான சாட்சி: தென்கொரியாவின் ஹ்வாசோங் நகரில் 2024 ஜூன் 24 அன்று அரிசெல் ஆலையில் மூண்ட தீயில் 23 பேர் மாண்டார்கள். அங்கே அடுக்கியிருந்தது மறுபடி சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் பேட்டரி, வேறு குடும்பம்.)

வாசல்தான் மோசமான இடம்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் உள்ளே போய்ப் பாருங்கள். செருப்பு ஸ்டாண்டு, அதன்மேல் குடை, பக்கத்தில் பழைய செய்தித்தாள் கட்டு, அதையொட்டி மின்ஸ்கூட்டர். சார்ஜர் வயர் கம்பிக் கதவுக்குப் பக்கத்துப் பிளக்கிலிருந்து வரும். டயர் அழுக்கு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு, அதனால் வாசலோடு வண்டி நின்றுவிடும். சுத்தத்துக்குச் சரி. ஆனால் அடுக்குமாடியில் ஆறாவது மாடி வீட்டுக்கு வெளியேற வேறு வழி கிடையாது. தீ பிடிக்கக்கூடிய பொருளைக் கொண்டுபோய் அந்த ஒரே வழியில் நிறுத்துகிறோம். இரவில் அந்தக் கம்பிக் கதவுக்குப் பூட்டும் போடுகிறோம். சாவி எங்கே தொங்குகிறது? பெரும்பாலும் அதே மூலையில்தான்.

2019 ஜூலை 18 அதிகாலை புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக வீட்டில் தீ. வரவேற்பறையில் கருகிய நிலையில் மூன்று மின்ஸ்கூட்டர்கள். அந்த வீட்டில் இருந்த 40 வயது ஆடவர் மருத்துவமனையில் இறந்தார். தனிநபர் நடமாட்டச் சாதனத்தால் மூண்ட தீயில் சிங்கப்பூரின் முதல் உயிர்ப்பலி அது. 2021 ஜூனில் உட்லண்ட்ஸில் மின்தூக்கிக்குள் சாதனம் பற்றியது. உள்ளே இருந்த 20 வயது இளைஞர் பிழைக்கவில்லை. மூடிய பெட்டிக்குள் ஓட இடம் ஏது?

வேலூரில் 2022 மார்ச்சில் நடந்ததும் இதே கதைதான். வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் பற்றி, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். தீ தொடுமுன் புகை கொன்றுவிடுகிறது.

சரி, வாசலில் வேண்டாமென்றால் எங்கே வைப்பது? வெளியே பொது நடைவழியில் வைத்தால் அண்டை வீட்டாரின் தப்பும் வழி அடைபடும். அங்கே குறைந்தது 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஈரறை வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதற்கு நல்ல பதில் கிடையாது, மழுப்பாமல் சொல்லிவிடுவதே மரியாதை. இருப்பதில் நல்லது: கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றி, மெத்தை, திரை, அட்டைப்பெட்டி எதுவும் அருகில் இல்லாத வெறுந்தரையில், வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவே வராத மூலையில், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், கண்ணெதிரே சார்ஜ் செய்வது. இரவு முழுக்கப் போடாதே, பார்க்க ஆளில்லாமல் நெடுநேரம் விடாதே என்று சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கும்.

எண்கள், ஒரே மூச்சில்

சிங்கப்பூரில் மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள் போன்ற சாதனங்களால் மூண்ட தீச்சம்பவங்கள்: 2021இல் 63, 2022இல் 42, 2023இல் 55, 2024இல் 67. குறைந்ததைக் கண்டு நிம்மதி அடைந்த மறு ஆண்டே ஏறத் தொடங்கியிருக்கிறது.

நியூயார்க்கில் 2023இல் மட்டும் லித்தியம்-அயான் தீயில் 18 பேர் இறந்தார்கள். அங்கும் கதையின் நடுவில் இருப்பவர் உணவு விநியோகம் செய்யும் தொழிலாளி. பகல் முழுக்க ஓட்ட இரவு முழுக்க சார்ஜ் ஏற்ற வேண்டும். மலிவான இரண்டாவது பேட்டரியை அவர் வாங்குவது ஆசையால் அன்று.

யூஎல் 2272 என்ற எண் எங்கிருந்து வந்தது?

2015 கடைசியில் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கிய இரட்டைச் சக்கர ஹோவர்போர்டுகள் வீட்டுக்கு வீடு பற்றத் தொடங்கின. 2016 ஜூலையில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவற்றைத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் களேபரத்தில் பிறந்த தரநிலைதான் யூஎல் 2272. எழுதியது 1894இல் தொடங்கிய யூஎல் நிறுவனம். மின்விளக்கு புதிதாக வந்த காலத்தில், அது எதையெல்லாம் கொளுத்தும் என்று சோதிக்கவே தொடங்கியது.

சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம், இந்தத் தரநிலை இல்லாத மின்ஸ்கூட்டர்களுக்கு 2021 ஜனவரி வரை கெடு கொடுத்திருந்தது. தீச்சம்பவங்கள் பெருகவே 2020 ஜூலை 1க்கே அதை முன்னால் இழுத்தது. மின்சைக்கிளுக்கு இஎன் 15194 என்ற வேறு தரநிலை. ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரையும் பதிவெண் தகடும் உடன் இருக்க வேண்டும்.

பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று: யூஎல் 2272 சோதிப்பது பேட்டரி, சார்ஜர், வயரிங் எல்லாம் சேர்ந்த முழு மின்னமைப்பை. தொலைவு கூட்ட வேண்டி இணையத்தில் வாங்கிய பெரிய பேட்டரியை மாட்டிவிட்டால், வண்டியில் ஒட்டிய சான்று ஸ்டிக்கருக்கு அலங்கார மதிப்பு மட்டுமே மிச்சம். சார்ஜரும் அப்படியே. செருகும் முனை பொருந்துகிறது என்பதால் வோல்டேஜ் பொருந்துகிறது என்று அர்த்தமாகாது.

மூக்குக்கும் காதுக்கும் முதலில் தெரியும்

கெடப்போகும் பேட்டரி பல நேரம் முன்கூட்டியே சொல்லிவிடும். இனிப்பாக, நகப்பூச்சு அழிப்பானை ஒத்த ஒரு வாடை. 'ஸ்ஸ்' என்ற சீறல். பிறகு படபடவென்று வெடிப்பு. கிளம்பும் வெள்ளைப் புகையை நீராவி என்று நினைத்து ஜன்னல் பக்கம் விசிறிக்கொண்டு நிற்காதீர்கள். அதில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் கலந்திருக்கும். முதலிரண்டும் எரியும், பின்னிரண்டும் நஞ்சு. மூடிய அறையில் அது நிறைந்தபின் ஒரு பொறி போதும்.

சிங்கப்பூரில் 2018 ஜூன் 1க்குப் பிறகு கட்டும் புதிய வீடுகளுக்குப் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அதற்கு முந்தைய வீட்டில் இருப்பவர்கள் தாங்களாக வாங்கி மாட்டலாம். பல மாடல்களில் அந்தக் கருவிக்குள் இருப்பதும் லித்தியம் பேட்டரிதான். திருடனைப் பிடிக்கத் திருடனின் பங்காளி!

சுட்டுவிட்டால்

குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம். கடிகாரத்தைப் பாருங்கள், நமக்கு ஐந்து நிமிடமே யுகமாகத் தோன்றும். தண்ணீர் காட்டும்போதே மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வீக்கம் ஏறிய பிறகு நகையை வெட்டித்தான் எடுக்க வரும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்கக் கூடாது. பிறகு சமையலறையில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை விரித்து, காயத்தின் மேல் நீளவாக்கில் தளர்வாகப் போர்த்தி மருத்துவமனைக்குப் போகலாம். இறுக்கிச் சுற்றக் கூடாது.

இட்லி மாவு, பற்பசை, பேனா மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சோயா சாஸ் கொண்டுவந்தால் நன்றி சொல்லி மேசைமேல் வைத்துவிடுங்கள். நம் இட்லி மாவும் அவர் சோயா சாஸும் இந்த விஷயத்தில் ஒரே ரகம், புண்ணுக்குள் கிருமியைச் சேர்ப்பவை.

தீக்காயமே இல்லாமல் புகையை மட்டும் சுவாசித்தவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குரல் கம்முவது, மூக்குத் துளையில் கரி, இருமலில் கறுப்புச் சளி ஆகியவை மூச்சுக்குழாய் வெந்திருப்பதன் அடையாளம். "நல்லாத்தான் இருக்கேன்" என்பவர் சில மணி நேரத்தில் மூச்சுவிடத் திணறலாம். கண்ணில் பேட்டரித் திரவம் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும்.

எரியாமலே சுடும் பேட்டரி

இந்தப் பகுதியைக் குழந்தை உள்ள வீட்டார் வெட்டி ஒட்டிவைத்துக்கொள்ளட்டும். கேம்பல் லேன் தீபாவளிச் சந்தையில் வாங்கும் மினுக்கும் பிளாஸ்டிக் அகல்விளக்கைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சின்ன மூடி. உள்ளே சிஆர் 2032 என்ற பட்டன் பேட்டரி: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு, 3 வோல்ட். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் எடை பார்க்கும் கருவியிலும் கார்ச் சாவியிலும் இதே குடும்பம்தான். மூடியில் திருகாணி இல்லையென்றால் இரண்டு வயதுக் குழந்தையின் நகமே போதும்.

இது விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால் தீ வேண்டாம், ஓட்டை வேண்டாம், கசிவும் வேண்டாம். ஈரத் திசு இரு முனைகளையும் இணைத்து மின்னோட்டம் பாயும். எதிர்முனைப் பக்கம் கடுங்காரம் உருவாகி, இரண்டே மணி நேரத்தில் திசுவை வெந்துபோகச் செய்யும். அழுகை, எச்சில் வழிதல், சாப்பிட மறுத்தல், இருமல் எல்லாம் சாதாரணச் சளிக்காய்ச்சலைப் போலவே இருக்கும். எக்ஸ்ரேயில் காசு மாதிரி தெரிந்தாலும் ஓரத்தில் இரட்டை வளையம் காட்டிக்கொடுக்கும்.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நேரே சிறுவர் அவசரப் பிரிவுக்கு. லிட்டில் இந்தியாவில் இருந்தால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை புக்கிட் தீமா சாலையில் கூப்பிடு தூரம். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு முறை வரை தரலாம். தேன் பேட்டரியின் மேல் படிந்து காரத்தை மட்டுப்படுத்துகிறது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. தேன் தேடிக் கடைக்கு ஓடாதீர்கள். வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு ஓடுங்கள், இல்லாவிட்டால் சும்மாவே ஓடுங்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

திருச்சி விமானத்துக்குப் பெட்டி கட்டுபவர்களுக்கு

சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கோடாலித் தைலம், சாக்லேட், போர்வையோடு தம்பிக்கு ஒரு பவர் பேங்க்கும் பெரிய பெட்டிக்குள் போய்விடுகிறது. கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கறையில் பற்றினால் பார்க்க ஆளில்லை, அங்குள்ள அணைப்பு வாயு ஜுவாலையை அடக்கினாலும் உருளைகளின் சூட்டை நிறுத்தாது. இருக்கைக்குப் பக்கத்தில் புகைந்தால் யாராவது தண்ணீர் ஊற்றுவார்.

அளவு: 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை, 100இலிருந்து 160 வரை நிறுவன அனுமதி வேண்டும். பெட்டியில் எம்ஏஎச் மட்டும் போட்டிருந்தால் அதை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுங்கள். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111, கவுண்டரில் வாக்குவாதம் நிச்சயம். எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கை அதிகாரி நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் இன்னும் ஒரு படி போய்விட்டன: பறக்கும்போது பவர் பேங்க்கால் எதையும் சார்ஜ் செய்யக் கூடாது, பவர் பேங்க்குக்கும் சார்ஜ் ஏற்றக் கூடாது. அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் புசான் விமானம் எரிந்தது. மேல்பெட்டியில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. விமானத்தில் இருந்த 176 பேரும் தப்பினார்கள், ஏனென்றால் விமானம் தரையில் இருந்தது.

வீங்கிய கைப்பேசி

பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு, மேசைமேல் வைத்தால் ஆடுகிறதா? உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், ஊசியால் குத்திக் "காத்தை எடுத்து" விடாதீர்கள். அணைத்து, சார்ஜைப் பிடுங்கி, ஓட்டுத் தரையிலோ பீங்கான் தட்டிலோ தனியாக வைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். தண்ணீரில் விழுந்ததை அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாத வேலை. அரிசியும் வீணாகும், உள்ளே துரு பிடிப்பதும் நிற்காது.

குப்பைச் சரிவுக்குள் போடாதீர்கள்

சமையலறைக் குப்பைச் சரிவில் போட்ட பேட்டரி மாடி மாடியாக விழுந்து, பிறகு குப்பை லாரியின் அமுக்கும் தட்டுக்குள் போகிறது. நசுங்கினால் பற்றும், லாரி முழுக்கக் காகிதமும் பிளாஸ்டிக்கும். 2021 ஜூலையிலிருந்து தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஏற்பாட்டில் மின்கழிவுத் தொட்டிகள் கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் இருக்கின்றன. முனைகளின்மேல் ஒட்டுநாடா ஒட்டிப் போட வேண்டும். தொட்டியின்மேல் எதெது போடலாம் என்று படம் போட்டிருக்கிறது. மின்ஸ்கூட்டர் பேட்டரியை அதற்குள் திணிக்கப் பார்க்காதீர்கள், அதற்குத் தனி ஏற்பாடு.

அங்கிருந்து எங்கே போகிறது? துவாஸில் 2021 மார்ச்சில் திறந்த டெஸ் நிறுவனத்தின் மறுசுழற்சி ஆலை நாளொன்றுக்கு 14 டன் லித்தியம் பேட்டரியைக் கையாளும், அதாவது 2,80,000 கைப்பேசிப் பேட்டரிகள். அரைத்துச் சலித்தால் கிடைக்கும் கறுப்புப் பொடியிலிருந்து கோபால்ட்டையும் லித்தியத்தையும் பிரித்தெடுக்கிறார்கள். மேசை இழுப்பறையில் பழைய நோக்கியாவோடு கிடக்கும் அந்த மூன்று பேட்டரிகளுக்கும் அங்கே விலை உண்டு.